லாபம், ரெண்டு, மூணு

மணி தெரிந்து செய்திருக்க மாட்டாள். தெரிந்தால் துடித்துப்போவாள். வரட்டும், சோறு போட்டுவிட்டுச் சொல்லலாம். வெறும் வயிற்றில் சொல்லக் கூடாது.

காலையிலிருந்து தையல்நாயகி இதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டபோது ஒரு தரம், கத்தரிக்காயைக் காம்போடு கீறியபோது ஒரு தரம், புளியைக் கரைத்தபோது ஒரு தரம். இத்தனை தரம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்பது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. கிழக்கே சூரியன் உதிக்கும் என்று யாராவது நாலு தரம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்களா?

"கொழம்பு வாசனை எங்க வாசல் வரைக்கும் வருது," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சுகுணா அண்ணியின் குரல் கேட்டது. "தங்கச்சி வர்றாளாக்கும்."

"மத்தியானம் வந்துருவா அண்ணி."

"வரட்டும், வரட்டும். லாபம் பாத்த ஊரு. விருந்து வைக்காம அனுப்பினா நல்லாவா இருக்கும்."

சுகுணா அண்ணி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த வயல்காரி, இருபது வருடப் பழக்கம். அடுப்பில் பால் பொங்கினால் இங்கிருந்து அங்கே கூப்பிட்டுச் சொல்கிற உறவு. ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. போன வாரம் மணி வேலை பார்க்கும் கம்பெனியின் ஆட்கள் அவள் வீட்டுக்கு வந்து, அடுத்த விதைப்புக்கு வழியில்லாதவர்கள் நிலத்தைக் கூட்டுக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கொடுத்த நிலம் பத்து வருடத்துக்குத் திரும்பாது. இன்னும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தையல்நாயகியின் தங்கை வந்து என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்வதாக இருந்தாள். மன்னார்குடிக்குத் தெற்கே கடைமடையில் கிடந்த அந்த ஊரில் பாதிப்பேர் நிலை அதுதான்.

"அண்ணி, அது மிஷினு பண்ணுன தப்பு. மணிகிட்ட சொன்னா ஒரு நிமிசத்துல சரி பண்ணிருவா."

"நீ சொன்னா சரிதான்," என்றாள் சுகுணா அண்ணி. "நீ சொல்லித்தானே கம்பமே நட்டோம்."

அந்தக் கம்பம் ஊர்க் களத்தின் ஓரத்தில் நின்றது. ஆள் உயரம், உச்சியில் பனங்கொட்டை அளவு உருண்டை ஒன்று. அதன் பெயர் செவிலி. மூன்று வருடங்களுக்கு முன்பு தங்கை மணிமொழி சென்னையிலிருந்து வந்து, இதே அடுக்களையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அது என்ன செய்யும் என்று விளக்கியிருந்தாள்.

"பகல்ல எவ்வளவு வெயில் அடிச்சாலும் பயிரு ஒருமாதிரி தாங்கிக்கும்க்கா. ராத்திரி சூடு எறங்கலன்னாத்தான் ஆபத்து. பூக்குற நேரத்துல மகரந்தம் செத்துப்போவும். கதிரு வரும், உமி வரும், உள்ள பால் ஏறாது. மேலேர்ந்து படம் புடிச்சுப் பாத்தா பச்சைப்பசேல்னுதான் தெரியும். அதனாலதான் பழைய இன்சூரன்ஸ்காரன் எல்லாம், வயலு நல்லாத்தானே இருக்குன்னு கைய விரிச்சுட்டான். கண்ணால முடியாதது காதால முடியும்."

"நெல்லுக்கு ஏதுடி வாயி?"

"நெல்லுக்கு இல்ல, ஒங்களுக்கு இருக்குல்ல. நஷ்டமான்னு ஆபீசர் வந்து கேட்டா எல்லாரும் நஷ்டம்னுதான் சொல்லுவாங்க. ஆனா களத்துல அளக்கையில ஒங்களுக்குள்ள ஒரு பேச்சு பேசுவீங்க பாரு, அதுல பொய் வராது. நெல்லு முன்னாடி நம்ம ஆளுங்க பொய் பேச மாட்டாங்க. இத நான்தான் கம்பெனியில சொன்னேன். அதுலேர்ந்துதான் இந்தத் திட்டமே. நாம பேசுறத செவிலி கேக்கும். லாபம் கொறைஞ்சிருந்தா, கொறைஞ்சத அவங்க நெரப்புவாங்க. லாபக் காப்புன்னு பேரு."

தங்கை சொன்னதில் பாதி புரிந்தது தையல்நாயகிக்கு. புரியாத பாதியின் மீது அதிகப் பெருமை இருந்தது. அந்தப் போகம் முழுக்க மணி கொடுத்த ஒரு கறுப்புப் பொத்தானை முந்தானை ஊக்கில் மாட்டிக்கொண்டே வயலுக்கும் களத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். மாட்டோடு பேசியது, புருஷன் அன்பழகனைத் திட்டியது, விளக்கை அணைக்கச் சொல்லும்போது 'குளிர வை' என்றது, எல்லாமே பொத்தானுக்குள் போனது. "கம்பெனிக்குன்னு மட்டும் இல்லக்கா. அங்க தனியா இருக்கையில ஒன் கொரல கேட்டுக்கிட்டே தூங்கிருவேன்," என்று மணி அவள் தோளில் தலை சாய்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு பொத்தான் பாரமாகவே தெரியவில்லை.

கம்பம் நட்ட அன்று செவிலி முதல்முறையாகப் பேசியபோது ஊரே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. வார்த்தைகள் புத்தகத் தமிழாக இருந்தன. குரல் தையல்நாயகியுடையது.

முதல் இரண்டு வருடமும் விளைச்சல் பரவாயில்லை. இந்த வருடம் மார்கழிப் பனி காலண்டரில் மட்டும்தான் இருந்தது. விடியற்காலையில் கோலம் போட உட்கார்ந்தால் முதுகு வியர்த்தது. கதிர் வந்த பிறகு தையல்நாயகி வரப்பில் நின்று பார்த்தாள். பயிர் அழகாக இருந்தது. ஒவ்வொரு கதிரும் தலைநிமிர்ந்து, சிப்பாய் மாதிரி நின்றது. ஆனால் நெல்மணி பிடித்த கதிர் நிமிர்ந்து நிற்காது.

அறுவடை மிஷின் கொட்டிவிட்டுப் போனதைத் தூற்றியபோது முக்கால்வாசி காற்றோடு போயிற்று. காலடியில் பதர் முழங்கால் அளவு சேர்ந்தது. மிஷின் வந்து எத்தனையோ காலமாகியும் அந்த ஊரில் ஒரு வழக்கம் விடவில்லை. களத்து நெல்லை மூட்டையில் கட்டுமுன் வீட்டில் ஒருவர் மரக்காலால் அளப்பார். முதல் மரக்காலுக்கு 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார்கள். ஒண்ணு என்றால் ஒற்றை, ஒற்றை என்றால் அதோடு நின்றுபோவது. அதனால் முதல் அளவுக்கு 'லாபம்' என்று பெயர். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணிக்கை போகும். இதைப் பற்றி யாரும் யோசித்தது கிடையாது. தும்மினால் 'நூறு' என்று சொல்வது மாதிரி, வாய் அதுவாகச் சொல்லும்.

சுகுணா அண்ணி தன் வயலின் ஒரு மூலையில் விளைந்ததைத் தனியே தூற்றி, மரக்காலை நெல்லுக்குள் அழுத்தி எடுத்தாள். "லாபம்," என்றாள். மறுபடி அழுத்தினாள். மரக்கால் பாதிகூட நிரம்பவில்லை. ரெண்டு என்று சொல்ல முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பதர் மட்டும் சரசரத்தது.

அப்போது கம்பத்திலிருந்து தையல்நாயகியின் குரல் சொன்னது: "சுகுணா அவர்களின் களத்தில் லாபம் பதிவாகியுள்ளது. வாழ்த்துகள்."

அடுத்த நாள் அடுத்த வீடு. அதற்கு அடுத்த நாள் இன்னொரு வீடு. ஒவ்வொருவருக்கும் தையல்நாயகியின் குரல் வாழ்த்துச் சொன்னது. அவள் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. ஒருநாள் தெருவில் எதிரே வந்த பெரியவர் ஒருவர், "ஒன் கொரல கேட்டாலே பயமா இருக்கு ஆத்தா," என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவள் வெளியே சத்தமாகப் பேசுவதை விட்டுவிட்டாள்.

லாபம் பதிவான வீட்டுக்குக் கம்பெனி எதையும் நிரப்பாது. ஊர் சேர்ந்து மேல்முறையீடு போட்டது. தையல்நாயகியின் குவியல் ஒன்றுதான் இன்னும் அளக்காமல் தார்ப்பாய்க்குள் இருந்தது. அன்பழகன் அறுவடை மிஷினோடு கடலூர்ப் பக்கம் போயிருந்தான். அதோடு, "நான் வர்ற வரைக்கும் அளக்காதக்கா. நான் பாத்துக்குறேன்," என்று மணி போனில் சொல்லியிருந்தாள். பாத்துக்குறேன் என்ற சொல்லைத்தான் தையல்நாயகி இரண்டு வாரமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மணிமொழி ஒரு மணிக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கருவாட்டுக் குழம்பைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தையல்நாயகி அவள் இரண்டாவது தரம் சோறு வாங்கும் வரை காத்திருந்தாள்.

"மணி, தப்பு எங்கன்னு நான் கண்டுபுடிச்சுட்டேன்டி."

"என்ன தப்பு?"

"அந்த செவிலிக்கு லாபம்னா ஒண்ணுன்னு தெரியல. மொத மரக்காலுக்குச் சொல்றத, லாபம் வந்துருச்சுன்னு எடுத்துக்குது. அவ்வளவுதான். நீ போயி அதுக்கு எடுத்துச் சொல்லிட்டா போதும்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஒனக்கு ஞாபகம் இருக்கா? நாலஞ்சு வயசுல அப்பா ஒன்ன எண்ணச் சொன்னாரு. நீ பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்த மாதிரி, ஒண்ணுன்னு கணீர்னு சொன்ன. அம்மா வாய் மேலயே ஒண்ணு போட்டுச்சு. அப்பா அளந்தத அப்புடியே குவியல்ல கொட்டிட்டு, மொதல்லேர்ந்து லாபம்னு ஆரம்பிச்சாரு. நான் ஒனக்கு வெல்லக்கட்டி எடுத்தாந்து வாயில போட்டேன்."

மணிமொழி முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"ஞாபகம் இல்லக்கா," என்றாள்.

பிறகு நிமிராமலே சொன்னாள்: "நாளைக்குக் காலையில ஒன் நெல்லை அளக்கணும். அதான் விசாரணை. ஆபீசர் யாரும் வர மாட்டாங்க, அங்கேர்ந்தே கேப்பாங்க. செவிலி ஒன் கொரலுலதான பேசக் கத்துக்கிச்சு, அதனால ஒன் களத்துல கேக்குறதுதான் முடிவு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். எப்பவும் அளக்குற மாதிரி அளந்தா போதும்."

"அதோட சரியாயிருமா?"

"அதோட முடிஞ்சிரும்," என்றாள் மணிமொழி.

முடிந்துவிடும் என்றாளே தவிர, சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் தையல்நாயகியின் காதில் விழுந்தது. ஆனால் அவள் அதைக் கேட்காத மாதிரி தங்கைக்கு மோர் ஊற்றினாள். நமக்குப் பிரியமானவர்கள் பேசும்போது காதுக்கும் மனசுக்கும் நடுவில் நாமே ஒரு கதவைச் சாத்திக்கொள்கிறோம் என்று பிறகு அவள் நினைத்துக்கொண்டாள். மணி தட்டு முழுக்கக் காலி செய்துவிட்டு, "இந்தக் கொழம்புக்காகவே வரலாம்," என்றாள். அது பொய்யில்லை என்பதுதான் பின்னால் அதிகம் வலித்தது.

மறுநாள் மணி எழுந்திருக்கும் முன்பே தையல்நாயகி களத்துக்குப் போனாள். தார்ப்பாயை நீக்கிக் குவியலைச் சரிசெய்யலாம் என்று போனதாகத்தான் அவள் நம்பினாள். வெயில் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. கம்பத்தின் கீழே போய் நின்றாள். ஊரில் யாரும் அதனோடு பேசுவதில்லை. முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு பயமாகிவிட்டது. தன் குரலோடு தானே பேசுவதற்கு அவளுக்கும் கூச்சமாக இருந்தது.

"ஒனக்கு எண்ணத் தெரியுமா?"

"தெரியும்," என்றது செவிலி.

"எங்க, களத்துல எண்ணுற மாதிரி எண்ணு பாப்பம்."

"லாபம், ரெண்டு, மூணு, நாலு." முதல் எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, ஒரு மெட்டுப் போல, அச்சாக அவள் சொல்வது மாதிரியே சொன்னது.

தையல்நாயகி சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை.

"அப்ப லாபம்னா ஒண்ணுன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும். தங்களிடமிருந்து கற்றுக்கொண்டது."

"தெரிஞ்சுக்கிட்டேவா ஊரு முழுக்க வாழ்த்து சொன்ன?"

"அந்தப் பொருள் மூடப்பட்டுள்ளது. களத்தில் லாபம் என்ற சொல் கேட்டால் ஆதாயம் என்று மட்டுமே கொள்ள வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட விதி."

"யாரு போட்ட விதி?"

"மொழிப் பொறுப்பாளர் மணிமொழி."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். அது இரண்டு தரம் திக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. தையல்நாயகி மோட்டார்ச் சத்தத்தைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். வேறு எதையும் கேட்காமல் இருக்க அது உதவியது.

"இன்னிக்கு நான் அளக்கையில என்ன கேப்ப?"

"லாபம் என்ற சொல் கேட்டால் ஊரின் முறையீடு முடித்துவைக்கப்படும். கேட்காவிட்டால் முறையீடு திறந்தே இருக்கும். வெளியாட்கள் வந்து நெல்லை நேரில் பார்க்க வேண்டிவரும்."

"இதெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்ற?"

"உழவர் கேட்டால் மறைக்கக் கூடாது என்பது சட்டம். இதுவரை யாரும் கேட்கவில்லை."

தன் குரலாவது தன்னிடம் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது மணிமொழி காபியோடு பின்கட்டில் நின்றிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதுகிட்ட பேசுனியா?"

"வெல்லக்கட்டி ஞாபகம் இல்லன்னியே."

மணிமொழி டம்ளரைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "அறை வாங்குனவ மறப்பாளாக்கா," என்றாள்.

"அப்ப எல்லாம் தெரிஞ்சுதான்."

"தெரிஞ்சுதான். உக்காரு, சொல்றேன்."

"நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"மொதல்ல நான் சரியாத்தான் சொல்லி வெச்சிருந்தேன். லாபம்னா ஒண்ணு, அத ஆதாயம்னு எடுக்காதன்னு. போன ஐப்பசியில கணக்குப் போட்டுப் பாத்தாங்க. இந்த வருசம் ராத்திரி சூடு எறங்காதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நாலு மாவட்டமும் பதருக்கா. எல்லாருக்கும் நெரப்புனா கம்பெனி மறுநாளே கடைய மூடிட்டுப் போயிரும். அப்புறம் ஒருத்தருக்கும் ஒண்ணும் கெடையாது, எந்த வருசமும் கெடையாது. இந்த ஒரு வருசத்தத் தாண்டிட்டா திட்டம் நிக்கும். மேல இருக்குறவங்க வழி கேட்டாங்க. எனக்கு ஒரு வழி தெரிஞ்சுது."

"ஒனக்கு மட்டும்தானேடி தெரியும் அந்த வழி."

"ஆமா," என்றாள் மணிமொழி. "அங்க இருக்குறவங்க யாருக்கும் அளக்கத் தெரியாது. நான் சொல்லலன்னா வேற ஏதாவது செஞ்சிருப்பாங்க. அது இதைவிட மோசமா இருந்திருக்கும்."

தையல்நாயகி அவளைப் பார்த்தாள். தங்கை பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவள் சொன்னதையெல்லாம் அவளே நம்பினாள். சின்ன வயதில் திருடித் தின்றுவிட்டுக்கூட, அக்காவுக்குத்தான் எடுத்து வைத்தேன், எறும்பு வந்ததால் தின்றேன் என்று அழுதுகொண்டே சொல்வாள். அப்போதும் முழுக்க நம்பித்தான் அழுவாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது கோபமில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு ஊக்கில் தொங்கிய அந்தப் பொத்தானின் கனம், இப்போதுதான் முதல்முறையாக மார்பில் தெரிந்தது. அன்பழகனைத் திட்டியதும், காய்ச்சலில் முனகியதும், ஒரு ராத்திரி அம்மாவை நினைத்து யாருக்கும் தெரியாமல் அழுததும் அதற்குள் போயிருந்தன. எல்லாவற்றையும் மணி கேட்டு, அவளை முழுக்கத் தெரிந்துகொண்டு, அந்தத் தெரிதலை வைத்தே ஒரு பூட்டுச் செய்திருக்கிறாள்.

"ஒன் வயலுக்கு மட்டும் தனியா வாங்கிக் குடுத்துருவேன்க்கா. அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் வந்தேன்."

"சுகுணா அண்ணிக்கு?"

மணிமொழியின் பார்வை வேலிப்பக்கம் போய்த் திரும்பியது.

"ஏன்டி, நான் வேற மாதிரி அளந்தா என்ன பண்றதுன்னு அங்க யாரும் கேக்கலயா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

மணிமொழி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கக்கா வாயில வேற வராது, நெல்லு முன்னாடி அவளால வேற சொல்லவே முடியாதுன்னு சொன்னேன்." பிறகு மெல்ல, "நெசந்தானேக்கா," என்றாள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கெஞ்சல்கூட இல்லை. ஒருவகைப் பாசம் இருந்தது. அதைத்தான் தையல்நாயகியால் தாங்க முடியவில்லை.

"கெளம்பு," என்றாள். "வெயிலு ஏறிடும்."

களத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். சுகுணா அண்ணி கையில் முறத்தோடு நின்றாள். வேறு எதுவும் செய்ய இல்லாததால் காலியான முறத்தையே தட்டிக்கொண்டிருந்தாள். "அளக்கப் போறியா?" என்றாள்.

"அளக்கப் போறேன் அண்ணி."

"அளந்துரு. எங்க தலையெழுத்தும் அதோட தெரிஞ்சிரும்."

கம்பத்தின் உச்சியில், லாபம் பதிவானால் பச்சையாகும் மஞ்சள் விளக்கு எரிந்தது. மணிமொழி அதன் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னாள். எங்கோ தூரத்தில் யாரோ கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது, எல்லோரும் தாமாகப் பேச்சை நிறுத்தியதில் தெரிந்தது.

தையல்நாயகி குவியலின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வழக்கம்போல நெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குவியல் சின்னதுதான். எப்படி அளந்தாலும் ஐந்தாறு மரக்காலுக்கு மேல் வராது. ஆனாலும் நெல். ஒற்றையாகப் போய்விடாதே என்று சொல்லி வரவேற்க வேண்டிய நெல். அவள் அம்மா அப்படித்தான் வரவேற்றாள். எந்தப் பஞ்சத்திலும், எந்த வெள்ளத்திலும், வாயில் வேறு வார்த்தை வந்ததில்லை. இல்லாத வீட்டில்தான் அந்தச் சொல் அதிகம் வேண்டியிருந்தது. அது கணக்கு இல்லை, வேண்டுதல். அந்த வேண்டுதலை எடுத்துத்தான் கணக்காக்கியிருந்தார்கள்.

மரக்காலை நெல்லுக்குள் அழுத்தினாள். நிரம்பியது. மேலே குவிந்ததை உள்ளங்கையால் வழித்துவிட்டாள். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சொல் அங்கே தயாராக இருந்தது, முதலெழுத்தை இழுத்துச் சொல்லும் அந்த மெட்டோடு. மணி சொன்னது நிஜம். அவள் வாய்க்கு வேறு தெரியாது. விட்டுவிட்டால் அதுவாக வந்துவிடும்.

நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். மணிமொழி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அளக்கக் கற்றுக்கொள்ள வந்த நாலு வயதுப் பெண்ணைப் போல.

தையல்நாயகி மரக்காலைச் சாக்கில் சாய்த்தாள்.

"ஒண்ணு," என்றாள்.

சுகுணா அண்ணியின் முறம் தட்டுவது நின்றது. யாரோ ஒரு பெண், "ஐயோ ஆத்தா," என்று முணுமுணுத்தாள். களத்தில் பெரியவர்கள் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி அவர்கள் தங்கள் ஆயுளில் கேட்டதில்லை. கம்பத்து விளக்கு மஞ்சளாகவே இருந்தது. மணிமொழியின் கை தன்னையறியாமல் எழுந்து, அவள் வாயைப் பொத்திக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கிட்ட வந்து குனிந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"தப்பா வந்துருச்சுக்கா. பரவால்ல, இன்னும் நேரம் இருக்கு. அப்பா பண்ணுன மாதிரி, அதக் குவியல்ல கொட்டிட்டு மொதல்லேர்ந்து அள. எனக்காக."

தையல்நாயகி சாக்குக்குள் பார்த்தாள். அடியில் கொஞ்சம் நெல் கிடந்தது. அதைக் கொட்ட வேண்டும் என்று அவள் கைகள் துடிக்கத்தான் செய்தன.

"கொட்டுனா சிந்தும்டி," என்றாள்.

மரக்காலை மறுபடி நெல்லுக்குள் அழுத்தி, வழித்து, சாக்கில் சாய்த்தாள்.

"ரெண்டு."